அக்காவுக்குக் கொடுத்த அட்டை

என் அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். அரியலூரில் வாழ்க்கைப்பட்டவள். அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். நான் பெரம்பலூரில் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். டி.பார்ம் முடித்த கையோடு சேர்ந்தவள், பதினொரு வருடமாக அதே கடையில்தான் நிற்கிறேன். எனக்கென்று ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். அதில் நான் உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. சும்மா இருக்கும்போதுகூட அலமாரியில் மருந்தை இடம் மாற்றி வைத்துக்கொண்டிருப்பேன். "உனக்குக் கால்ல சக்கரமா?" என்று கடை முதலாளி கேட்பார்.

மூன்று வருடம் முன்பு ஒரு மழைக்காலத்தில், மாமாவின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து அக்கா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப்போகும் லாரிகள் ஓடி ஓடிக் குழி விழுந்த ரோடு. ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியது. அக்கா கீழே விழவில்லை. ஆனால் இடுப்பில் யாரோ கம்பியைச் சொருகியது மாதிரி இருந்தது என்றாள். அன்றைக்குப் பள்ளிக்கூடம் போய் நாலு வகுப்பும் எடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்து படுத்தாள். மறுநாள் காலையில் கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியவில்லை.

திருச்சியில் ஓர் எலும்பு டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். முதுகுத்தண்டில் ஒரு சவ்வு பிதுங்கியிருக்கிறது, ஆபரேஷன் வேண்டாம், ஓய்வும் பயிற்சியும் போதும் என்றார் டாக்டர். வலி தாங்கவில்லை என்று அவள் அழுததைப் பார்த்து, கொஞ்சம் கடுமையான வலி மாத்திரை பத்து நாளுக்கும், வலியில் தூக்கம் வருவதில்லை என்றதால் தூக்க மாத்திரை ஒரு வாரத்துக்கும் எழுதிக் கொடுத்தார். பத்து நாள், ஒரு வாரம். சீட்டில் தெளிவாக எழுதியிருந்தது. அந்தச் சீட்டை முதலில் படித்துப் பார்த்தவள் நான்தான், ஏனென்றால் மருந்து என் கடையில் வாங்கினார்கள்.

பத்து நாள் முடிந்து அக்கா போன் செய்தாள். "டீ, வலி பாதி கொறஞ்சிருக்கு. இப்ப நிறுத்துனா மறுபடியும் வந்துரும்போல இருக்கு. இன்னொரு அட்டை குடுத்துவுடேன். இதுக்குன்னு திருச்சி வரைக்கும் பஸ்ல போனா இருக்கற இடுப்பும் போயிரும்."

அவள் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. டாக்டரைப் பார்க்கப் போகும் வழியிலேயே வலி கூடிவிடும் என்றால் போவானேன். அரியலூர் பஸ் கண்டக்டர் ஒருவர் எங்களுக்குத் தெரிந்தவர். வலி மாத்திரையோடு தூக்க மாத்திரையும் சேர்த்து ஒரு உறையில் போட்டு அவரிடம் கொடுத்துவிட்டேன். மாமா பஸ் ஸ்டாண்டில் நின்று வாங்கிக்கொண்டார்.

இந்த வகை மாத்திரைகளுக்கு எங்கள் தொழிலில் தனி ரிஜிஸ்டர் உண்டு. நோயாளி யார், எழுதிய டாக்டர் யார், எத்தனை கொடுத்தோம் என்று பதிய வேண்டும். புது சீட்டு இல்லாமல் கொடுக்கவே கூடாது. வேறு யாராவது சீட்டு இல்லாமல் வந்து நின்றால் நான் முகத்தில் அடித்தாற்போல இல்லை என்று சொல்லிவிடுவேன். லாரி டிரைவர்கள் வருவார்கள், காலேஜ் பையன்கள் வருவார்கள், இருமல் மருந்தைப் பாட்டில் பாட்டிலாகக் கேட்பார்கள். ஒருத்தருக்கும் கொடுத்ததில்லை. அதில் எனக்குக் கர்வம்கூட உண்டு. அக்காவுக்கு மட்டும், பழைய சீட்டில் இருந்த அதே டாக்டர் பெயரைப் போட்டு, அதே எண்ணிக்கையை எழுதினேன். என் அக்காவை எனக்குத் தெரியாதா என்ன? வெற்றிலைகூடப் போடாதவள்.

அப்படியே ஒன்றரை வருடம் ஓடிவிட்டது.

இப்போது திரும்பிப் பார்த்தால் எல்லாமே கண்ணுக்கு எதிரில்தான் நடந்திருக்கிறது. மாதம் ஒரு அட்டை என்பது இரண்டாகி, பிறகு நாலு ஆனது. "ஒண்ணு போட்டா இப்பல்லாம் கேக்க மாட்டேங்குது" என்றாள். அதை நான் வலி கூடிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். மாத்திரைக்கு உடம்பு பழகிவிடும் என்று பாடத்தில் படித்துப் பரீட்சை எழுதிய எனக்கு அது தோன்றவில்லை. தீபாவளிக்கு வந்தவள் சோபாவில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். பஸ்ஸில் இறங்க வேண்டிய ஊரைத் தாண்டிப் போய்விட்டு எதிர்ப் பஸ் பிடித்து வந்ததை இரண்டு தடவை சிரித்துக்கொண்டே சொன்னாள். பேசிக்கொண்டிருக்கும்போது கையைச் சொறிந்துகொண்டே இருந்தாள். ஒருமுறை என் மகளுக்குப் பின்னக் கணக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்து, பாதியில் நிறுத்தி, நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நாளைக்குப் பாத்துக்கலாம் சாமி, பெரியம்மாவுக்குத் தலை வலிக்குது" என்று எழுந்து போய்விட்டாள். அக்கா கணக்கில் திணறி நான் பார்த்ததே கிடையாது. அன்றைக்கு எனக்குள் ஏதோ சுருக்கென்றது. ஆனாலும் மறுநாள் ஊருக்குக் கிளம்பும்போது அவள் பையில் இரண்டு அட்டையை நானே வைத்தேன்.

என்னோடு டி.பார்ம் படித்த ஒருத்தி அரியலூரில் ஒரு கடையில் வேலை பார்க்கிறாள். எப்போதாவது ஒரு மருந்து கிடைக்கவில்லை என்றால் போனில் கேட்டுக்கொள்வோம். போன வருடம் மாசி மாதம், ஒரு திங்கட்கிழமை பதினோரு மணி இருக்கும், அவள் கூப்பிட்டாள்.

"கோச்சுக்காத, ஒண்ணு கேக்கணும். கணக்கு டீச்சர் உங்க அக்காதான?"

"ஆமா. ஏன்?"

"வாரா வாரம் வராங்க. ஜெராக்ஸ் எடுத்த சீட்டு ஒண்ணு வெச்சிருக்காங்க. தேதியே தெரியல. உன் பேரச் சொல்லித்தான் வாங்குறாங்க. என் தங்கச்சியும் பார்மசிஸ்ட்தான், அவதான் இங்க வாங்கிக்கச் சொன்னான்னு. மூணு நாலு தடவை நானும் குடுத்துட்டேன். இன்னிக்குக் கடைத்தெருவுல இன்னொரு கடைப் பையில அதே அட்டையோட போறாங்க. அதான் மனசு கேக்கல."

போனை வைத்துவிட்டு நான் அலமாரிக்கும் கல்லாவுக்கும் நடந்தேன். ஒருவர் சளிக்கு மருந்து கேட்டார், எடுத்துக் கொடுத்தேன், என்ன கொடுத்தேன் என்று மறுபடி வாங்கிப் பார்த்தேன். சரியாகத்தான் கொடுத்திருந்தேன். அவர் பத்தடி போன பிறகு திரும்பவும் கூப்பிட்டுப் பார்க்கலாமா என்றிருந்தது. முதலாளியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டுப் பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடித்தேன்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் ஒரு மணி நேரம். அன்றைக்கு அது தீரவே இல்லை. பஸ்ஸுக்கு முன்னால் வரிசையாக லாரிகள். ஜன்னலோரம் இருந்த புளிய மரங்களில் எல்லாம் வெள்ளைத் தூசி. நான் எத்தனை அட்டை கொடுத்தேன் என்று மனதுக்குள் கூட்ட ஆரம்பித்தேன். கூட்டி முடிப்பதற்குள் மறந்துபோய் முதலிலிருந்து ஆரம்பித்தேன். அவள் மற்ற கடைகளில் வாங்கியதை எப்படிக் கூட்டுவது?

அக்கா அன்றைக்குப் பள்ளிக்கூடம் போயிருக்கவில்லை. கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்ததும், "என்னாடி இந்த நேரத்துல? சொல்லாம கொள்ளாம?" என்றாள். நாக்கு லேசாகக் குழறியது. மாமா வயலுக்குப் போயிருந்தார். அவர்கள் மகள் கோயம்புத்தூரில் காலேஜில் படிக்கிறாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "எங்க வெச்சிருக்க?" என்று கேட்டேன்.

"எத?"

"அக்கா, வேண்டாம். எங்க வெச்சிருக்க சொல்லு."

நான் பீரோவைத் திறந்தேன், சமையல் அறையில் டப்பாக்களைத் திறந்தேன். என் கை ஓடிய வேகத்தில் இரண்டு டப்பா கீழே விழுந்து பருப்பு சிதறியது. கடைசியில் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த மடக்குக் குடைக்குள் இருந்தன. குடையை விரித்ததும் அட்டைகள் பொலபொலவென்று தரையில் கொட்டின. பாதி காலி. பாதியில் மாத்திரை இருந்தது. சிலவற்றின் பின்பக்கம் எங்கள் கடையில் நான் பேனாவால் எழுதும் "காலை 1, இரவு 1" என் கையெழுத்திலேயே இருந்தது.

"வெக்கமா இல்ல உனக்கு?" என்றேன். "டீச்சர் நீ."

அக்கா அந்த அட்டைகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நீதானடி குடுத்த" என்றாள். சத்தம் போடவில்லை.

அது உண்மை என்பதால்தான் கோபம் வந்தது என்று நினைக்கிறேன். ஒவ்வொரு மாத்திரையாக அழுத்தி எடுத்துக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். அக்கா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். தடுக்கவில்லை. கடைசி அட்டையின்போது மட்டும், "அத வெச்சிரேன்" என்றாள். நான் கேட்கவில்லை.

சாயங்காலம் மாமா வந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லவில்லை. "அக்கா வலி மாத்திரை ரொம்பச் சாப்பிடுறா மாமா, உடம்புக்கு ஆகாது, நிறுத்தணும். ரெண்டு மூணு நாளு கஷ்டமா இருக்கும். நானே லீவு போட்டுட்டு இருந்து பாத்துக்கறேன்" என்றேன். அவர், "நீ இருந்தாச் சரிம்மா" என்றார். மருந்து விஷயத்தில் அந்த வீட்டில் என் சொல்லுக்கு மேல் சொல் கிடையாது.

மறுநாள் அக்காவுக்கு விடாமல் கொட்டாவி வந்தது. கண்ணிலும் மூக்கிலும் நீர் ஒழுகியது. வேர்த்துக் கொட்டியது, அதோடு குளிருகிறது என்று போர்வை கேட்டாள். வயிற்றால் போனது. கால்களை ஓர் இடத்தில் வைக்க முடியவில்லை. கட்டிலில் நீட்டுவாள், மடக்குவாள், எழுந்து கூடத்தில் நடப்பாள், சுவரில் முதுகை அழுத்திக்கொண்டு நிற்பாள், திரும்பப் போய்ப் படுப்பாள். நானும் அவள் பின்னாலேயே நடந்தேன். ஒரே வீட்டுக்குள் இரண்டு பெண்கள் காலையிலிருந்து பொழுது சாயும்வரை சுற்றிக்கொண்டிருந்தோம். சூடாக ஏதாவது குடி என்றால் எரிந்து விழுந்தாள். கொஞ்ச நேரம் கழித்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணே ஒண்ணு மட்டும். பாதியாச்சும். உன் காலப் புடிச்சுக்கிறேன்" என்றாள். ஆறு வயது மூத்தவள். நான் தாவணி கட்டிய காலத்தில் என் பின்னலைப் பின்னிவிட்டவள். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இது வைராக்கியம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலையில் அவளுக்குக் கொஞ்சம் தேவலை போல இருந்தது. எழுந்து குளித்தாள். கொல்லைப்பக்கம் கொடியில் துணி எடுக்கப் போனாள். நான் அடுப்பில் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தேன். தொப்பென்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், அக்கா துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தாள். உடம்பு விறைத்துக்கொண்டு வெட்டி வெட்டி இழுத்தது. கண் மேலே செருகியிருந்தது. வாயோரம் நுரை. மாமா எங்கிருந்தோ ஓடிவந்து சாவிக்கொத்தை எடுத்து அவள் உள்ளங்கையில் திணிக்கப் பார்த்தார்.

"இரும்பெல்லாம் வேணாம் மாமா, விடுங்க. கல்லுல தல மோதாம பாத்துக்குங்க" என்றேன். வெட்டல் அடங்கியதும் அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவது மாதிரி இருந்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். அது வருவதற்குள் வாசலுக்கும் கொல்லைக்கும் எத்தனை தடவை ஓடினேனோ தெரியாது.

அரசு ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் படுக்க வைத்தார்கள். ஊசி போட்டார்கள். இளம் வயது டாக்டர் ஒருவர் குறிப்பேட்டோடு எங்களிடம் வந்தார்.

"இதுக்கு முன்னாடி வலிப்பு வந்திருக்கா?"

"இல்லீங்க சார். இதான் மொதத் தடவ" என்றார் மாமா.

"சக்கரை, பிரஷர் ஏதாச்சும்? வேற மாத்திரை எதுவும் சாப்பிடுறாங்களா?"

"இடுப்பு வலிக்குத்தான் சார் ஏதோ சாப்பிட்டுச்சு. இப்ப அதையும் நிறுத்தியாச்சு."

டாக்டர் எழுதிக்கொண்டார். நான் பக்கத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை. அந்த நேரத்தில் என் மனதில் அக்கா இல்லை என்பதை இங்கே எழுதித்தான் ஆகவேண்டும். கடைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் சான்றிதழும் அதில் இருக்கும் என் பெயரும்தான் கண்ணுக்குள் நின்றன. நான் சொன்னால் இவர் யாரிடம் சொல்வார், யார் வந்து ரிஜிஸ்டரைக் கேட்பார்கள் என்று ஓடிக்கொண்டிருந்தது.

டாக்டர், "தலைக்கு ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துரலாம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். நாலைந்து அடி போயிருப்பார்.

"சார்" என்றேன். திரும்பினார். "நான் பார்மசிஸ்ட்டுங்க. இவங்க தங்கச்சி." பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை இருக்கும், எத்தனை நாளாக. யார் கொடுத்தது. முந்தாநாள் யார் எல்லாவற்றையும் பிடுங்கிக் கழிவறையில் கொட்டியது. சொல்லச் சொல்ல மாமாவின் முகத்தை நான் பார்க்கவில்லை.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. "தூக்க மாத்திரையையும் சேத்தா ஒரேயடியா நிறுத்துனீங்க?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். "படிச்சவங்கதான நீங்க" என்று சொல்லிவிட்டு நர்சைக் கூப்பிட்டார்.

மறுநாள் மனநலப் பிரிவு டாக்டர் வார்டுக்கு வந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி. அக்கா சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கடித்துக்கொண்ட நாக்கு வீங்கியிருந்ததால் சரியாகப் பேச வரவில்லை. டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு அக்காவுக்கு நேராக உட்கார்ந்தார், எங்களைப் பார்த்து அல்ல.

"நீங்க தப்பானவங்க கெடையாது டீச்சர்" என்றார். "ஒடம்பு பழகிருச்சு, அவ்ளோதான். வலி மாத்திரைய நிறுத்துனா ஒடம்பு முறுக்கும், வயித்தால போகும், கால் ஒரு எடத்துல நிக்காது. அது கஷ்டம்தான், ஆனா பெரும்பாலும் தாங்கிரலாம். தூக்க மாத்திரை அப்படி இல்ல. நாள்பட்டுச் சாப்பிட்டத திடீர்னு நிறுத்துனா வலிப்பு வரும், உசுருக்கே ஆபத்து. அதனால ரெண்டையும் கொஞ்சம் கொஞ்சமா கொறைப்போம். மாசக்கணக்குல ஆகும். அவசரமே இல்ல."

அக்கா தலையாட்டினாள்.

"ஒரே டாக்டர், ஒரே கடை. ஒரு வாரத்துக்குத்தான் மாத்திரை. அத உங்க கையில வெச்சுக்க வேணாம். வூட்டுல யாராச்சும் ஒருத்தர் வெச்சிருந்து வேளைக்குக் குடுக்கட்டும். யார் குடுக்கலாம்?"

நான் ஓர் அடி முன்னால் வந்துவிட்டேன். அது என் வேலைதானே. அக்கா என்னைப் பார்க்காமல், வீங்கிய நாக்கால் மெதுவாக, "அவ வேணாம்" என்றாள். "அவரே குடுக்கட்டும்."

மாமா பூச்சிமருந்து டப்பாவில் எழுதியிருப்பதைக்கூடப் பக்கத்து வயல்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறவர். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, "சொல்லுங்கம்மா, எழுதிக்கிறேன்" என்றார்.

அன்று மத்தியானம் மாமா சாப்பாடு வாங்கப் போனபோது அக்காவிடம் கேட்டேன். "வலி எப்பக்கா போச்சு?"

"ஆறு மாசத்துலயே போயிருச்சு. எப்பயாச்சும் குனிஞ்சு நிமுந்தா வரும்." பிறகு, "அதப் போட்டா ஒரு மணி நேரம் யாருமே என்னக் கூப்புடாத மாதிரி இருக்கும்டி" என்றாள். "பள்ளிக்கூடத்துல பசங்க, ஹெட்மாஸ்டர், வூட்டுல இவரு, போன்ல மவ, வாரா வாரம் ஆன்லைன்ல மார்க் ஏத்தற வேலை. எல்லாம் இருக்கும், ஆனா தூரத்துல இருக்கும். அப்பறம் அது இல்லாம இருக்க முடியல. போடாட்டி மாத்திரை எங்க, எங்கன்னு அதே ஞாபகம்." அவளுக்கு வேலை அதிகம் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் எந்தக் காரியம் என்றாலும் முதலில் அவளுக்குத்தான் போன் போகும். நானும் அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறேன்.

ஐந்தாம் நாள் நான் பெரம்பலூர் திரும்பி நேராகக் கடைக்குப் போனேன். முதலாளிக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். கடையைத் தொடங்கி நாற்பது வருடம் நடத்துகிறவர். கூட்டம் குறையும்வரை காத்திருந்து அவரிடம் சொன்னேன். வேலையை விட்டு நின்றுவிடச் சொன்னாலும் சரி என்றேன்.

மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "ரிஜிஸ்டர எடு" என்றார்.

எடுத்து விரித்தேன். அக்காவின் பெயர் இருந்த வரிகளைக் காட்டினேன். அவர் விரலை வைத்துக் கீழே இறங்கிக்கொண்டே போனார். "இது?" என்றார். "இவருக்கு எப்பப் புது சீட்டு வந்துச்சு?" எனக்குத் தெரியவில்லை. "இந்தம்மா?" அதுவும் தெரியவில்லை. லாரி டிரைவரையும் காலேஜ் பையனையும் விரட்டிய நான், தலை நரைத்தவர்களையும் வெள்ளை வேட்டி கட்டியவர்களையும் தெரிந்த முகங்களையும் ஒரு கேள்வி கேட்டதில்லை. முதலாளியும் கேட்டதில்லை. அதை அவரே சொன்னார். "நாம ரெண்டு பேருமேதான்மா" என்றார். அந்தப் பக்கங்களை மருந்து ஆய்வாளரிடம் அவரே கொண்டுபோய்க் காட்டினார். எங்களுக்கு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. அவர் உத்தரவின்படி கடை கொஞ்ச நாள் மூடியிருந்து திறந்தது. அந்த நாட்களில் வீட்டில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தேன்.

திறந்த இரண்டாம் நாள் ரஞ்சன்குடி பக்கத்திலிருந்து வழக்கமாக வரும் பெரியவர் வந்தார். நாலு வருடமாகத் தூக்க மாத்திரை வாங்குகிறவர். அவர் சீட்டு கிழிந்துவிடக் கூடாதென்று லேமினேட் செய்து வைத்திருந்தார். உள்ளே மை மங்கி, டாக்டர் கையெழுத்து இருந்த இடமே தெரியவில்லை.

"புது சீட்டு வேணும் ஐயா" என்றேன்.

"நாலு வருஷமா இதக் காட்டித்தானம்மா வாங்குறேன். நீதான குடுத்த. இன்னிக்கு மட்டும் என்னா புதுசா?"

"தப்புதாங்க ஐயா. நான்தான் தப்புப் பண்ணேன்."

"இது இல்லாட்டி எனக்குக் கண்ணு மூடாது. ஒரு நாளு போடாம இருந்து பாத்தேன், கையெல்லாம் ஒதறுது." சொல்லிவிட்டு, பக்கத்துக் கடைக்குப் போகிறவர் மாதிரி திரும்பினார்.

உதறும் கை என்றதும் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அக்கா கிடந்தது கண்ணில் வந்தது. கொடுக்கவும் முடியாது, அப்படியே அனுப்பவும் முடியாது. முதலாளியைப் பார்த்தேன். "அழைச்சிட்டுப் போ. நான் கடையப் பாத்துக்கறேன்" என்றார்.

ஆட்டோவில் அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். மனநலப் பிரிவு என்ற பலகையைப் படித்ததும் பெரியவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "எனக்கென்ன பைத்தியமாம்மா?"

"எங்க அக்கா இதே மாதிரி எடத்துலதாங்க ஐயா பாக்குறா. டீச்சரு."

வரிசையில் இரண்டு மணி நேரம் இருந்தோம். அவர் உட்கார்ந்திருந்தார், நான் நின்றுகொண்டிருந்தேன். வெங்காயத்துக்கு விலை இல்லை என்றார், மருமகள் பேசுவதில்லை என்றார். மனைவி செத்த பிறகுதான் தூக்கம் போனது என்றார். இந்த நாலு வருடத்தில் அதை நான் கேட்டதே இல்லை. டாக்டர் அளவைச் சிறிது குறைத்து எழுதி, பதினைந்து நாள் கழித்து வரச் சொன்னார். பெரியவர் இரண்டு தடவை ஒழுங்காகப் புது சீட்டோடு வந்தார். மூன்றாம் தடவை வரவில்லை. மகன் திருப்பூருக்கு அழைத்துப் போய்விட்டான் என்று அவர் ஊர்க்காரர் ஒருவர் சொன்னார். அங்கே என்ன செய்கிறார் என்று தெரியவில்லை. மாத்திரை அட்டையை அழுத்தி எடுக்கும்போது சில சமயம் நினைத்துக்கொள்வேன்.

அக்காவுக்குச் சுலபமாக ஆகிவிடவில்லை. குறைத்த ஒவ்வொரு தடவையும் ஒரு வாரம் பத்து நாள் பாடாய்ப் பட்டாள். மாமா வேளை தவறாமல் நோட்டில் குறித்து மாத்திரை கொடுத்தார். வயலில் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தாலும் மடையை அப்படியே விட்டுவிட்டு வந்து கொடுத்துவிட்டுப் போவார். பிசியோதெரபியில் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளைத் தரையில் பாய் விரித்துச் செய்யப் பழகினாள். அரையாண்டுப் பரீட்சை சமயத்தில் ஒருநாள், பக்கத்து ஊர்க் கடை ஒன்றில் எப்படியோ ஓர் அட்டை வாங்கிவிட்டாள். இரண்டு போட்ட பிறகு மீதியைக் கொண்டுபோய் மாமாவிடம் அவளே கொடுத்தாள். அவர் திட்டவில்லை. அடுத்த முறை டாக்டரிடம் போனபோது, "நீயே சொல்றியா, நான் சொல்லட்டா?" என்று மட்டும் கேட்டாராம். இதையெல்லாம் மாமாதான் எனக்கு போனில் சொன்னார். அக்கா என்னிடம் சாப்பாடு, மழை, பிள்ளைகள் படிப்பு என்று பேசுவாள். மாத்திரைப் பேச்சு எடுத்தால், "சரி, வெக்கிறேன்" என்பாள்.

போன மாதம் மாமாவுக்குக் காய்ச்சல். ஞாயிற்றுக்கிழமை அக்காவே கூப்பிட்டாள். "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவணும். கூட வர ஆளில்ல. நீ வரியா?"

காலை முதல் பஸ்ஸில் போனேன். இருவரும் டோக்கன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். அக்கா மெலிந்திருந்தாள். கண்களில் தெளிவு இருந்தது. ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள் கட்டைக் கொண்டுவந்து மடியில் வைத்துத் திருத்திக்கொண்டிருந்தாள். நான் எழுந்து போய் எத்தனையாவது டோக்கன் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு வந்தேன். திரும்பவும் போய்ப் பார்த்தேன்.

"ஒரு எடத்துல ஒக்காருடி. எனக்கு எண் தப்புது" என்றாள்.

உட்கார்ந்தேன். "அக்கா" என்றேன். "நான் அன்னிக்கு அப்படிப் பண்ணிருக்கக் கூடாது. குடுத்ததும் தப்பு, புடுங்கினதும் தப்பு."

அவள் சிவப்புப் பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் ஒரு கூட்டலைச் சரிபார்த்து முடித்தாள். "நான் கேட்டேன், நீ குடுத்த" என்றாள். "நான் பொய் சொன்னேன். அதையும் சேத்துக்க." அவ்வளவுதான். அடுத்த தாளை எடுத்தாள்.

டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். நானும் எழுந்தேன். அக்கா விடைத்தாள் கட்டை என் கையில் கொடுத்து, "நீ இங்க இரு, நான் போய்ட்டு வரேன்" என்று தனியாக உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. அந்த இருபது நிமிடம் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அந்த வராந்தாவில் நடந்தேன்.

வெளியே வந்தபோது கையில் சீட்டு இருந்தது. எட்டிப் பார்த்தேன். வலி மாத்திரை சீட்டிலேயே இல்லை. தூக்க மாத்திரை மட்டும் ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலே கால் பங்கு.

"என்னா சொன்னாங்க?" என்றேன்.

"சொல்றேன், சொல்றேன். மொதல்ல சாப்புடுவோம், பசிக்குது" என்று கட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.